சிவப்பு அட்டைக்காரர் இடம் பார்த்த கதை

என் வீட்டுக்காரருக்கு ஒரு இடம் பிடித்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மனிதருக்கு எதுவும் பிடிக்காது. பிடிக்காமல் இருப்பதுதான் அவருடைய உத்தியோகம். அடுக்குமாடிக் கட்டடங்களில் இருக்கும் லிஃப்டுகளைச் சோதித்து, ஓட்டலாமா கூடாதா என்று சொல்கிற இன்ஸ்பெக்டர். கூடாது என்றால் கதவில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு வந்துவிடுவார். அப்புறம் கட்டடத்துக்காரர்கள் தலைகீழாக நின்றாலும், கோளாறைச் சரிசெய்யும்வரை அட்டை இறங்காது. ஆபீசில் அவருக்குப் பேரே சிவப்பு அட்டைதான். வீட்டில் நானும் மகளும்கூட அப்படித்தான் சொல்வோம், அவர் குளிக்கப் போயிருக்கும்போது மட்டும்.

இந்தக் குணத்தை ஆபீசோடு விட்டிருந்தால் எனக்கென்ன வந்தது? வீட்டுக்கும் கொண்டுவந்தார். கல்யாணமான புதிதில் வாடகைக்கு வீடு தேடினோம். ஒரு வீட்டில் படிகள் ஒரே உயரத்தில் இல்லை. இன்னொன்றில் ஸ்விட்ச் போர்டு தண்ணீர்க் குழாயை ஒட்டி இருந்தது. நல்ல வெளிச்சமான வீடு ஒன்று கிடைத்தது, அதில் பால்கனிச் சுவர் இடுப்புக்குக் கீழே. தேடித் தேடி, என் அம்மா வீட்டிலேயே மாதக்கணக்கில் இருந்தோம். கடைசியில் என் அம்மா பொறுக்கமாட்டாமல், "எங்க வீடாவது பாஸா மாப்பிள்ளை?" என்று கேட்டேவிட்டாள். அதற்கும் மனிதர் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

கட்டில் வாங்கப் போனால் கடைக்காரர் கண்ணெதிரேயே மண்டியிட்டு அதன் காலை ஆட்டிப் பார்ப்பார். ஓட்டலில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார மாட்டார். எங்களையும் உட்கார விட மாட்டார். இதில் பெரிய எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது எல்லாம் சரியாக இருக்கும். தப்பாகப் பேசுகிற ஆளோடு சண்டை போடலாம். சரியாகவே பேசுகிற ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் பாட்டில் நிரப்பும் கம்பெனியில் வேலை பார்த்தவள். கண்ணாடி பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நாள் முழுக்க பெல்ட்டில் ஓடும். அந்த பெல்ட்டின் ஓரத்தில்தான் என் ஸ்டூல். காதில் வைக்க அடைப்பான் தருவார்கள். அதை வைத்துக்கொண்டால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது, கேட்கவில்லை என்றால் அந்த ஆள் வாய்க்கு வந்தபடி திட்டுவார். அதனால் எல்லாருமே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். என் வலது காது எப்போது போனது என்றுகூடத் தெரியாது. மிச்சமிருந்த இடது காதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள்ளும் ஏதோ வளர்ந்திருக்கிறது, எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். எடுத்த பிறகு கேட்குமா என்று கேட்டேன். நல்ல மனுஷி, பொய் சொல்லவில்லை. கேட்டாலும் கேட்கும், ஆனால் போய்விடும் என்றே மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். ஆபரேஷனுக்கு நாளும் குறித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே எனக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். கடற்கரைக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எல்லாம் பகலில், கூட்டத்தில், ஐஸ்கிரீம் வண்டி மணிக்கும் பிள்ளைகள் கூச்சலுக்கும் நடுவில். இருட்டத் தொடங்கினால் பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். அலைச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. காது இருக்கும்போதே ஒரே ஒரு தடவை அப்படிப் படுக்கவேண்டும், அவ்வளவுதான். கடலோரமாக டென்ட் போட்டுத் தங்குகிற இடங்கள் நிறைய இருக்கின்றன என்று மகள் முன்னமே சொல்லியிருந்தாள். அவரிடம் கேட்டேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "இடத்த நான் பாத்துக்கறேன்" என்றார். அப்போதே நான் உஷாராகியிருக்கவேண்டும்.

மகள் போனில் அழகழகான படங்களாகக் காட்டினாள். படத்தை நம்பி யாரும் லிஃப்டில் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார். நேரில் பார்க்காமல் முன்பணம் கட்டக்கூடாதாம். நேரில் பார்க்க அவருக்கு லீவு கிடைக்கவில்லை. இப்படியே இழுத்து இழுத்து, ஆபரேஷனுக்கு முந்தைய சனிக்கிழமைக்கு வந்து நின்றது. அதை விட்டால் வேறு நாளே இல்லை. மகள் தன் சிநேகிதியிடம் கார் இரவல் வாங்கி வந்தாள். டென்ட், மடக்கு நாற்காலிகள், தலையணை, அப்புறம் இவருடைய டூல் பெட்டி. டூல் பெட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சரியான பதில் ஒன்று வரும்.

முதலில் போன இடம் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. சின்னக் குன்றின் விளிம்பு. கீழே பிறை மாதிரி வளைந்த வெள்ளை மணல், அதற்கப்பால் கண்ணுக்கெட்டியவரை நீலம். அலை பாறையில் மோதுகிற சத்தம் என் இடது காதில் வந்து நிறைந்தது. இங்கேதான், இதேதான் என்று நான் பையை இறக்கப் போனேன். அவர் விளிம்பில் இருந்த கம்பி வேலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். அது ஆடியது. ஆடாமல் என்ன செய்யும், அந்த ஆட்டு ஆட்டினால்? இடத்தைப் பார்த்துக்கொள்கிற குண்டம்மா ஓடி வந்து, இத்தனை வருஷத்தில் யாரும் விழுந்ததில்லை என்றாள். விழுகிற முதல் ஆள் வரும்வரை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் இவர். பையை மறுபடி காரில் ஏற்றினோம்.

இரண்டாவது இடம் சவுக்குத் தோப்பு. டென்டுக்கு நேர் மேலே பட்டுப்போன கிளை ஒன்று தொங்குகிறதாம். பக்கத்து மரத்தடிக்குப் போகலாமே என்றாள் மகள். அந்த மரத்தின் வேரைக் கரையான் அரித்திருப்பதைக் காட்டினார். அடுத்த இடத்தில் மணலிலேயே டென்ட் போட்டிருந்தார்கள். அங்கே காய்ந்த கடல்பாசி டென்டுகளுக்குப் பின்னால் கிடப்பதைக் காட்டி, தண்ணீர் இதுவரை வந்து போயிருக்கிறது என்றார். அதுவும் உண்மைதான். பாசி அங்கேதான் கிடந்தது. எனக்கு அந்தப் பாசி மேலேயே கோபம் வந்தது.

மத்தியானம் காருக்குள் உட்கார்ந்தே சாப்பிட்டோம். மகள் என் இடது பக்கம் குனிந்து, "ஆபரேஷன் தியேட்டரையாவது அப்பா பாஸ் பண்ணுவாரா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு இடம் பார்த்தோம். ஒன்றில் கேஸ் சிலிண்டர் வெயிலில் நின்றது. மற்றதில் தீயணைக்க வைத்த வாளியில் சிகரெட் துண்டுகள்தான் இருந்தன, மணல் இல்லை. போகிற இடமெல்லாம் அலை எனக்குக் கொஞ்சம் கேட்கும், நான் நின்று கேட்பதற்குள் இவர் "போலாம்" என்பார். வெயில் சாயத் தொடங்கியது. என் ஒரே சனிக்கிழமையை அந்த மனிதர் ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒரு பெரிய மணல்மேட்டின் அடிவாரத்தில் இருந்த இடத்துக்கு வந்தோம். அவர் இறங்கிச் சுற்றி வந்தார். தரையைக் காலால் மிதித்தார். மின்கம்பத்தை, குழாயை, கழிவறைத் தாழ்ப்பாளை, முதலுதவிப் பெட்டியை எல்லாம் பார்த்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. கல்யாணப் போட்டோவில்கூட அந்தச் சிரிப்பு கிடையாது. "பாஸ்" என்றார். மேடு காற்றை மறிக்கிறது, தரை கெட்டி, தண்ணீர் தேங்காது, ஒன்றுகூடக் குறையில்லை என்று அடுக்கிக்கொண்டே டென்டை விரித்தார். ஆணிகளை அவரே அடித்தார். மகள் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தாள். நான் டென்டுக்குள் போய்ப் படுத்துப் பார்த்தேன். இடது காதை மேலே வைத்துப் படுத்தேன். எழுந்து வெளியே வந்து, மேட்டைப் பார்த்து நின்றேன். திரும்பி நின்றும் பார்த்தேன். ஒன்றுமில்லை. மேடு காற்றை மட்டுமா மறித்தது?

அவர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன்.

"தாழ்ப்பாள் வரைக்கும் பாத்தீங்களே, இங்க கடல் கேக்குதான்னு பாத்தீங்களா?"

அவர் கயிற்றை விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். இந்த நேரத்திலும் அந்த மனிதருக்குப் பொய் வரவில்லை. "லேசா கேக்குதே" என்றார்.

"உங்க காதுக்கா இடம் பாக்க வந்தோம்?"

அவ்வளவுதான் நான் சொன்னது. காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. மகள் எழுந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கோளாறைக் கவனிக்காமல் விட்டுவிட்ட முகம் அது. இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. பிறகு எழுந்து, அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.

"மொத இடத்துக்குப் போன் போடு" என்றார் மகளிடம்.

குண்டம்மாதான் எடுத்தாள். இடம் இருக்கிறதா என்று மகள் கேட்டதும், வேலியைப் பிடித்து ஆட்டினாரே, அவரா என்று கேட்டாளாம். ஆமாம் என்றதும் சிரித்திருக்கிறாள். விளிம்போரம் ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்தது. அதை யாரும் எடுக்காததற்குக் காரணம் அந்த வேலிதானோ என்னவோ.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வானத்தில் கடைசிச் சிவப்பு இருந்தது. அவர் குண்டம்மாவிடம் போய், "இது பாஸ் இல்ல. ஆனா தங்கறோம்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதேயில்லை. அப்புறம் டூல் பெட்டியைத் திறந்து வேலிக்குப் போனார். முடுக்கினார், கம்பிக்கும் பாறைக்குமாகக் கயிறு கட்டினார், ஆட்டிப் பார்த்தார், அவிழ்த்து மறுபடி கட்டினார். டென்டை நானும் மகளும்தான் போட்டோம். அலை மோதிக்கொண்டேயிருந்தது. ராத்திரி முழுக்க இது எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

படுத்தவள் தூங்கிவிட்டேன்.

நாள் முழுக்கக் கோபப்பட்ட அலுப்பு, வேறென்ன. கண் விழித்தபோது வெளுத்துவிட்டது. அலை கேட்டது, ஆனால் ராத்திரி போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் டென்டையே பிய்த்துப் போட்டிருப்பேன். வெளியே வந்தால், வேலிக்கும் டென்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டு மனிதர் உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வேலியை நம்பாமல் தூங்கவேயில்லை.

"முழிச்சுக்கிட்டுதானே இருந்தீங்க? என்னை எழுப்பக்கூடாதா?" என்றேன்.

"நல்லா தூங்கின. எழுப்ப மனசு வரல" என்றார். பிறகு, வேலைக் கணக்குச் சொல்வதுபோலவே, "நல்ல காது தலையணைல அமுங்கி இருந்துச்சு. திருப்பிப் படுக்க வெச்சேன். மறுபடி அந்தப் பக்கமே புரண்ட. மறுபடி திருப்பினேன்" என்றார்.

திட்ட வாயெடுத்தவள் இன்னொரு நாற்காலியை இழுத்து, இடது காது கடல் பக்கம் இருக்கும்படி போட்டு உட்கார்ந்தேன். மகள் உள்ளே இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே மணலில் ஒருவரும் இல்லை. ஐஸ்கிரீம் வண்டி இல்லை, பஸ் இல்லை. அலை ஒன்று வந்து உடைந்து இழுத்துக்கொண்டு போய், அடுத்தது வரும்வரை ஒரு சின்ன அமைதி. அந்த அமைதிகூட எனக்குக் கேட்டது. இதற்காகத்தான் வந்தேன். கிடைத்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. விரல் வேலியைக் காட்டியது, பிறகு விளக்குக் கம்பத்தை, பிறகு கழிவறைக் கூரையை. எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் நிம்மதி என்று விட்டிருப்பேன். இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குறைப் பாட்டுதானே.

எழுந்தேன். நாற்காலியைத் தூக்கி மறுபக்கம் திருப்பிப் போட்டு, இடது காது அவர் பக்கம் வரும்படி உட்கார்ந்தேன். கடல் வலது பக்கம் போய்விட்டது.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு வேலியிலிருந்து ஆரம்பித்தார்.