தேன்கூட்டுக்கு முதுகு காட்டிய ஆர்வில்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் காட்டுக்குள் இருபத்தாறு வருஷம் சுற்றுலா வேன் ஓட்டிய ஆர்வில் டன்ஸ்மோர், தேன்கூடு என்ற வெந்நீர் ஊற்று பீறிட்டு அடிப்பதை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள். என் சாப்பாட்டுக் கடையில் இதைச் சொல்லிச் சொல்லியே அவர் மானத்தை வாங்குவோம். தேன்கூடு ஒரு பிடிவாதக்காரி, எப்போது கிளம்புவாள் என்று யாருக்கும் தெரியாது. அப்படியும் பதினோரு தடவை அவள் கிளம்பும்போது அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். முதுகைக் காட்டிக்கொண்டு!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறோர் ஊற்றை வாய் பிளந்து பார்த்தபடி நின்றிருக்கிறார். அந்த நேரம் பார்த்து, அவர் கூட்டிவந்த ஓர் ஆள் பலகைப் பாதையை விட்டு இறங்கிவிட்டான். மேலே மெல்லிசாக மண், கீழே கொதிநீர். அவன் கால் முழங்கால்வரை வெந்துபோயிற்று. அன்றிலிருந்து ஊற்று அடித்தால் மனுஷன் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்பார்.

அவர் மனைவி வெர்லாவோ ஊற்றுப் பைத்தியம். மடக்கு நாற்காலியும் வாக்கிடாக்கியுமாக நாள் முழுக்கக் காத்துக் கிடப்பாள். தேன்கூட்டை இருநூறு தடவைக்கு மேல் பார்த்தவள். இப்போது அவளுக்கு ஆஸ்துமா முற்றிவிட்டது. டாக்டர் சொன்னபடி திங்கட்கிழமை வீட்டைக் காலி செய்துகொண்டு அரிசோனா போகிறார்கள். சனிக்கிழமை காலை, "இன்னிக்கு விட்டா இவன் ஜென்மத்துக்கும் பாக்கப் போறதில்ல" என்று அவள் கிளப்ப, மூவரும் அவர்களுடைய பிக்கப்பில் புறப்பட்டோம். என் மடியில், வழியனுப்ப நான் சுட்ட ஹக்கிள்பெரி பை என்ற பழப் பணியாரம்.

இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது, ஊற்றடியில் காத்திருந்த யாரோ வெர்லாவின் வாக்கிடாக்கியில் அலறினார். "குட்டி ஊத்து ஆரம்பிச்சாச்சு! பத்து இருபத்திரண்டு!"

தேன்கூட்டுக்குப் பக்கத்திலுள்ள அந்தக் குட்டி ஊற்று துப்ப ஆரம்பித்தால், கால் மணி, இருபது நிமிஷத்தில் தேன்கூடு கிளம்பிவிடும். ஆர்வில் வேகத்தைக் கூட்டினார். வளைவு திரும்பினால் சாலை முழுக்கக் காட்டெருமைகள்!

"ஹார்ன் அடி, ஆர்வில்!" என்றேன்.

"அடிச்சா அது அங்கயே நின்னுரும். வாய மூடிட்டு பையைப் புடி."

"உனக்குப் போய் பை சுட்டேன் பாரு, என்னச் சொல்லணும்!"

எருமை மாட்டின் மேல் மழை பெய்ததுபோல என்பார்களே, இவை மேல் மழையல்ல, மலையே விழுந்தாலும் நகராது. ஒன்று எங்கள் வண்டிக் கதவில் முதுகைச் சொறிந்துகொண்டது. முன்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் கேமராவோடு இறங்க, ஆர்வில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினார். "ஐயா, உள்ள ஏறுங்க! அது குத்துனா போட்டோல நீங்க இருக்க மாட்டீங்க!"

"இன்னிக்காவது ஊருக்குக் காவல் காக்காம இரேன்" என்று வெர்லா தலையில் அடித்துக்கொண்டாள். ஆறு நிமிஷம் போயிற்று.

வண்டியை நிறுத்தியதும் ஓடினோம். வெர்லாவுக்கு இழுப்பு. "நில்லு, போதும்" என்றார் ஆர்வில். "நட!" என்றாள். பாலம் தாண்டி மேடேறி நாங்கள் போய் நிற்கவும், தேன்கூடு கிளம்பவும் சரியாக இருந்தது. அம்மாடி! அந்தச் சத்தத்தில் என் நெஞ்செலும்பே அதிர்ந்தது.

ஆர்வில் என்ன செய்தார் தெரியுமா? சட்டென்று திரும்பி, கையை விரித்து, கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டார்.

"அட பாவி மனுஷா! திரும்பு!" என்று கத்தினேன்.

"அந்தச் சேப்புத் தொப்பிக்காரர் ஓரத்துக்குப் போறாரு. ஐயா, பலக மேல நில்லுங்க!"

"அவங்க உன் ஆளுங்க இல்லப்பா" என்றேன்.

"தெரியும். கழுத்து திரும்ப மாட்டேங்குதே, நான் என்ன பண்ண!" அவர் குரல் உடைந்துவிட்டது. அடிப்பது மொத்தமே நாலைந்து நிமிஷம்தான். அதில் ஒன்று போய்விட்டது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வெர்லா அவரைத் தோளால் தள்ளிவிட்டு, அவர் நின்ற இடத்தில் போய் நின்றாள். தேன்கூட்டுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"ஜனங்கள நான் பாத்துக்கறேன். நீ அதப் பாரு."

"உனக்கும் இதுதான கடைசி, வெர்லா?"

"பாருன்னு சொல்றேன்ல!"

ஆர்வில் மெல்லத் திரும்பினார். அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னமெல்லாம் ஈரம், நீராவியால் மட்டுமில்லை.

சிவப்புத் தொப்பிக்காரர்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே வெர்லா கேட்டாள். "சொல்லு, எப்படி இருக்கு?"

இருநூறு தடவை பார்த்தவளுக்கு, அவர் ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினார்.