கடலில் விழுந்த ராக்கெட்

இன்று புது டிவியைப் பிரித்தபோது எழுந்த தெர்மாகோல் வாசம், நாகல் நகரில் இப்போது இல்லாத ஒரு டிவிக் கடையின் வாசலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. வீட்டில் டிவி இல்லாத நாங்களெல்லாம் அங்கேதான் கண்ணாடிக்கு வெளியே நின்று, சத்தம் கேட்காமல் படம் மட்டும் பார்ப்போம். ஒருநாள் நம் நாட்டு ராக்கெட் ஏறிய வேகத்திலேயே கடலில் விழுந்தது.

"ரஷ்யாக்காரன், அமெரிக்காக்காரன் செய்யுற வேலை. நமக்கெதுக்கு?" என்று கதவைத் திறந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தபடியே சேனலை மாற்றப் போனார் கடைக்காரர்.

பூ விற்றுவிட்டு வந்திருந்த அம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

"அவிங்களுது விழுந்ததே இல்லையாண்ணே? மாத்தாதீங்க, செத்த நேரம் பாத்துட்டுத்தான் போவோம்."

கூட்டம் கலைந்துவிட்டது. திரையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த விஞ்ஞானிகள் எழுந்து போகும்வரை அம்மா என் கையை விடாமல் நின்றாள்.

"அடுத்த ராக்கெட்டு விடையிலயும் வருவோம்ண்ணே," என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.