வெர்லின் பூட்டாத பூட்டு

வெர்லின் டைக்ஸ்ட்ரா எங்கள் தானியக் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தான். மதியம் ரொட்டியைப் பிரிப்பதற்கு முன் தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடி ஜெபம் பண்ணுவான். நான் ஒரு நாள் விடாமல் கிண்டல் செய்வேன்.

"மூப்பரே, என் காபிக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. நேத்து மாதிரி கசக்காம இருக்கட்டும்."

"உன் காபிக்கு ஜெபம் பத்தாது கர்ட். புதுசா போடணும்."

அவன் சபையில் மூப்பர். எனக்குச் சபை கிடையாது. ஆனாலும் அவனைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறை வேலைக் கோபத்தில் எல்லார் முன்னாலும் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டான். அன்று சாயங்காலமே பனியில் பதினெட்டு மைல் ஓட்டிவந்து, என் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் பேசினது தப்பு" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. அவன் போன பிறகு வெகு நேரம் கதவைப் பிடித்தபடியே நின்றேன். கடவுள் என்று ஒருவர் இருந்தால் அதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அவன்தான்.

அந்த நவம்பரில் நான்காம் குதிரில் மக்காச்சோளம் ஈரத்தில் கட்டியாகிப் போயிருந்தது. எங்கள் குதிர்கள் எஃகுத் தகட்டில் செய்தவை, நான்கு மாடி உயரம். அடியில் சுழலும் திருகு, சோளத்தைக் கீழிருந்து இழுத்து லாரிக்கு அனுப்பும். கட்டியை உடைக்க எங்களோடு வேலை பார்த்த டுவெயின் கம்பியோடு மேல் வழியாக உள்ளே இறங்கினான். உள்ளே ஆள் இருந்தால் கீழே மோட்டார் சுவிட்சை அணைத்துப் பூட்டு போட வேண்டும். அன்று அது வெர்லினின் வேலை. அவன் பூட்டைக் கையில் எடுத்த நேரத்தில் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். போதகர் லைனில் இருந்தார், நன்றி ஆராதனைக்கு யார் பாடுவது என்று கேட்க. ஐந்து நிமிடப் பேச்சு.

நான் லாரியோடு வந்தேன். சுவிட்சில் பூட்டு இல்லை. பூட்டு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். மோட்டாரைப் போட்டுவிட்டேன்.

தீயணைப்புக்காரர்கள் குதிரின் பக்கத்தை அறுத்து, சோளத்தில் புதைந்து செத்திருந்த டுவெயினை எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. அப்போது திரும்பிப் பார்த்தேன். சுவிட்சில் பூட்டு தொங்கியது.

விசாரிக்க வந்தவரிடம், மோட்டார் ஓடவே இல்லை, பூட்டு போட்டிருந்தது என்று வெர்லின் சொன்னான். லாரியில் ஏற்றியது பக்கத்துக் குதிர்ச் சோளம் என்று நான் சொன்னேன். நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. டுவெயின் இடுப்புக் கயிறு கட்டாமல் இறங்கினான், காலடியில் கட்டி உடைந்து மூழ்கினான், தவறு அவனுடையது என்று அறிக்கை வந்தது.

அதன் பிறகும் வெர்லின் மதியம் தொப்பியைக் கழற்றினான். கண்ணை மூடுவான், உதடு அசையாது. நான்காம் குதிரைக் கடக்கும்போதெல்லாம் தகட்டை விரல் முட்டியால் மூன்று முறை தட்டுவான். பிறகு காதை வைத்துக் கேட்பான். அறுத்த இடத்தில் புதுத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். பழைய தகடுகளுக்கு நடுவே அது மட்டும் பளபளவென்று இருக்கும். அதன் முன்னால் அவன் காது வைத்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்தேன். என்ன கேட்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

டுவெயினின் மனைவி மார்லிஸ் வீட்டுக்கு அவன் அடிக்கடி போய் ஜெபம் பண்ணினான். அவனைப் பார்த்தே அவள் சபைக்கு வர ஆரம்பித்தாள். ஒருநாள் ஆப்பிள் கேக் செய்து கிடங்குக்கே கொண்டுவந்தாள்.

"டுவெயின் பொறுப்பில்லாதவன்னு ஊரே சொல்லுது. ஆனா கடைசியா அவன் பக்கத்துல இந்த மாதிரி ஒரு மனுஷன் இருந்தான்னு நெனச்சா எனக்குக் கொஞ்சம் மூச்சு வருது" என்று வெர்லினின் தோளைத் தொட்டாள். அவன் கையிலிருந்த கேக் அப்படியே இருந்தது.

பதினோரு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, என்னிடம் வந்தான்.

"ஞாயித்துக்கிழமை சபைக்கு வா, கர்ட்."

"என்னையா? கூரை இடிஞ்சு விழும்யா."

அவன் சிரிக்கவில்லை. பயந்துபோய்த்தான் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்று மார்லிஸைச் சபையில் சேர்க்கிற நாள். மூப்பர் என்ற முறையில் அவன் அவள் பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

"மார்லிஸ், உன் புருஷன் பொறுப்பில்லாதவன் இல்ல" என்று ஆரம்பித்தான். "மோட்டார் ஓடுச்சு. பூட்டு போட வேண்டியவன் நான். போடல. அவன் செத்தப்புறம் போய்ப் போட்டேன். அதிகாரிகிட்ட பொய் சொன்னேன். அந்தப் பொய்யோட உன் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினேன்."

போதகர் எழுந்தார். "வெர்லின், இதைத் தனியா பேசிக்கலாமே."

"தனியா பேசித்தான் பதினோரு மாசம் போச்சு, போதகரே."

மார்லிஸ் அவன் முகத்தையே பார்த்தாள். "மோட்டாரைப் போட்டது யாரு?"

அவன் தரையைப் பார்த்தான். "என் பங்கைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு நடுவழியாக வெளியே போனாள். என்னைக் கடக்கும்போது அவள் கோட்டு என் முழங்காலில் உரசியது. அதற்குப் பிறகு அவள் எந்தச் சபைக்கும் போகவில்லை.

வெர்லினுக்கு வேலை போனது. வழக்கு வந்தது, தண்டனையும் வந்தது. மூப்பர் பதவியை எடுத்துவிட்டார்கள். மோட்டாரைப் போட்டதும் அவனேதான் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவன் மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. தண்டனை முடிந்து வந்து, முதியோர் இல்லத்துச் சமையலறையில் தட்டு கழுவும் வேலைக்குச் சேர்ந்தான். ஞாயிறுதோறும் அதே சபைக்குப் போனான். அவன் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

ஒருநாள் அந்தச் சமையலறையின் பின்வாசலில் அவனைப் பார்த்தேன்.

"என் பேரை ஏன் சொல்லல?"

"அதை நீதான் சொல்லணும்."

"இன்னமும் அந்தச் சத்தம் கேக்குதா உனக்கு?"

"கேக்குது. உள்ளேருந்து தட்டறான். சொல்லிட்டா நின்னுடும்னு நெனச்சேன். நிக்கல."

"அப்போ எதுக்குய்யா சொன்ன? எல்லாம் போச்சே."

ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டான். "மார்லிஸ் என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னா, கர்ட். என்னைக் கொடுத்ததுக்கு. அதைக் கேட்டுக்கிட்டு என்னால உட்கார முடியல."

இரண்டு குளிர்காலம் கழித்து, தட்டு கழுவிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அடக்கத்துக்கு ஒன்பது பேர் வந்தோம். மார்லிஸ் வரவில்லை. பெட்டியை இறக்கும்போது நான் காதைப் பொத்திக்கொண்டேன். குளிருக்காக என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அதே வாரம் சனிக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள். தொப்பியைக் கழற்றினேன்.

"மார்லிஸ், மோட்டாரைப் போட்டது நான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அவன் கத்தினானா? உனக்குக் கேட்டுச்சா?"

மோட்டார் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாராலும் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. அவளுக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும்.

"தட்டற சத்தம் கேட்டுச்சு" என்றேன். "காத்துல தகரம் அடிக்குதுன்னு நெனச்சேன்."

அவள் கதவைப் பிடித்தபடி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.