கிளியம்மாள் கட்டிய ஓடம்

ஒரகடத்துக்குப் பக்கத்தில், கிளியம்மாளின் நிலம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஏரி நிரம்பினால் பாதை முழுகிவிடும். ஓடம் வைத்திருந்தவன் முனிரத்தினம் ஒருவன்தான். 1990 மழையில், அடித்துக் கட்டிய நெல் மூட்டைகளோடு அந்தக் கரையில் நின்று அவனைக் கூப்பிட்டாள். நிலத்தைத் தனக்கு விற்கவில்லை என்ற கோபம் அவனுக்கு.

"ஆளுக்குத்தான் எடம். மூட்டைக்கு எடம் இல்ல" என்றான். நெல் அங்கேயே முளைத்துப் போனது.

அடுத்த கோடையில் மாட்டுக்கொட்டகைக் கதவையும் தன் கட்டிலையும் உடைத்து அவளே ஓடம் கட்டினாள். ஒவ்வொரு ஆணியையும் அவன் பெயரைச் சொல்லி அடித்தாள். இடுக்குகளில் பழந்துணி திணித்துத் தார் பூசினாள். பிறகு கல்லேற்றி ஏரியோரத் தண்ணீரில் முழுகவிட்டாள். பலகை ஊறிப் பருத்தால்தான் இடுக்கு அடைபடும்.

"கிளியம்மா ஓடம் முழுகிப்போச்சுப்பா" என்று டீக்கடையில் சிரித்தான் முனிரத்தினம். அவனுடைய ஓடம் கோடை முழுக்க வெயிலில் கிடந்து வெடித்திருந்தது. அதை அவள் பார்த்திருந்தும் அவனிடம் சொல்லவில்லை.

மழை வந்தது. தன் நிலத்தைப் பார்க்கப் போன முனிரத்தினத்தின் ஓடம் அந்தக் கரையை ஒட்டி அமிழ்ந்தது. கிளியம்மாள் கல்லை இறக்கி, நீரை இறைத்து, தன் ஓடத்தை முதன்முதலாகத் தள்ளினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தக் கரைக்குப் போய், அந்த வருஷம் அடித்துக் கட்டி வைத்திருந்த நெல் மூட்டைகளை ஏற்றினாள். முனிரத்தினம் சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"யக்கா, என்னையும் இட்டுகினு போக்கா."

"மூட்டைக்குத்தான் எடம்" என்று துடுப்பைப் போட்டாள். "ஆளுக்கு எடம் இல்ல."