எட்டு நிமிடப் பாடம்

தமிழாசிரியர் நிரந்தர வேலைக்கான நேர்முகத் தேர்வில் குழுத் தலைவரோடு சேர்த்து நாங்கள் மூவர் உட்காருவோம். கேள்விகள் முடிந்ததும் கடைசியாக ஒரு மாதிரிப் பாடம், எட்டே நிமிடம். எங்களைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளாக நினைத்து நடத்த வேண்டும். மற்ற இருவரும் சமர்த்துப் பிள்ளைகள். நான் மட்டும் தமிழ் பேச மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை. வருகிறவர்களில் பாதிப்பேர், "நீங்க சொல்லுங்க மேடம்" என்று என்னிடம் பணிந்துவிடுவார்கள். மீதிப்பேர் நைசாகச் சமர்த்துகள் பக்கம் நழுவிவிடுவார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். கொஞ்சம் கொடூரம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அன்று வந்த பெண் கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி இங்கே வந்தவர். கணவருக்கு ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை. இவர் ஈசூனில் ஒரு பள்ளியில் இரண்டு வருடமாக ஒப்பந்த ஆசிரியர். அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இதில் தேறாவிட்டால் வகுப்பறையை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது குரல் நடுங்கியது.

பாடம் தொடங்கியதும் அந்த நடுக்கம் எங்கே போனதோ தெரியவில்லை. உணவைப் பற்றிய பாடம். நேராக என்னிடம் வந்தார்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"டோன்ட் வான்ட் டு சே லா," என்று ஆங்கிலத்திலேயே சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சேலையை ஒதுக்கிக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினார். "சரி. நான் இங்கேயே இருக்கேன். எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு."

அவ்வளவுதான், அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் வெட்டி ஒட்டிக் கொண்டுவந்த படங்கள் மேசைமேல் தொடாமலே கிடந்தன. பாடத்தை முடிக்காதவர்களுக்குப் பெரும்பாலும் வேலை கிடைப்பதில்லை. அது அவருக்கும் தெரியும். 'அடுத்த ஆள்கிட்டப் போம்மா' என்று எனக்கே கத்தத் தோன்றியது. அவர் அசையவில்லை. அந்த முகத்தில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. உலகத்தில் என்னைத் தவிர வேறு பிள்ளையே இல்லாததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். எந்தப் பிள்ளைக்காகவும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை. மலைத்துப்போனேன்.

"ஒண்ணும் சாப்பிடலை," என்றேன். அது நடிப்பில்லை. அவசரத்தில் வெறும் வயிற்றோடுதான் ரயில் ஏறியிருந்தேன்.

"அச்சச்சோ. பசிக்குதா?"

"பசிக்குது, டீச்சர்."

நேரம் முடிந்தது.

"பாடத்தை நீங்க முடிக்கலையே?" என்றார் தலைவர்.

"ஆமாங்க சார்." எழுந்து நின்றார். "பிள்ளை பேச ஆரம்பிச்சிடுச்சு. அந்த நேரத்துல விட்டுட்டுப் போக மனசு வரலை."

அவர் வெளியே போனதும் தலைவர் பேனாவை உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சாங்க. ஆனா பாடம் பாதியில நின்னுடுச்சே. என்ன போடலாம்?"

"இவங்களை எடுக்கலைன்னா, இனிமே என்னையும் இந்த நாற்காலியில உட்கார வைக்காதீங்க சார்," என்றேன்.

அவர் தாளில் 'தேர்வு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.