கருப்பாகப் பிடித்த மருதாணி

நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில், பட்டுச்சேலைப் பிரிவில் நிற்கிற பெண்களுக்கு நரை தெரியக்கூடாது. அப்படி விதி ஒன்றும் எழுதி ஒட்டவில்லை. காலையில் கடை திறந்ததும் மேற்பார்வையாளர் எங்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே நடப்பார். என் வகிட்டில் வெள்ளை தெரிந்தால், "கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வர்றாங்கக்கா, கொஞ்சம் பாத்துக்கங்க" என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். மறுநாளும் வெள்ளை தெரிந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு முப்பது தாண்டியதுமே நரைக்கத் தொடங்கிவிட்டது. முதலில் கடையில் விற்கிற டைதான் போட்டேன். சில வருஷம் அது ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் போட்ட அன்றைக்கெல்லாம் காதோரமும் பிடரியும் அரிக்க ஆரம்பித்தது. பயந்து நிறுத்திவிட்டு மருதாணிக்கு மாறினேன். நான் பிறந்தது எழுமலை. எங்கள் தோட்டத்தில் கிணற்றோரம் மருதாணி தானாக வளர்ந்து கிடக்கும். அது வெறும் இலை, இலை யாரை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் மதுரை பசுமலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில் செடி வைக்க இடமில்லை. பொடியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது.

கடையிலிருந்து பஸ்ஸுக்கு நடக்கிற வழியில் ஒரு நாட்டு மருந்துக் கடை இருந்தது. அங்கேதான் கேட்டேன்.

"அண்ணே, இது சுத்தமான மருதாணிதானா? எனக்கு டை ஒத்துக்காதுண்ணே."

"இலையப் பறிச்சு, நெழல்ல காயவச்சு அரைச்சதுத்தா. இதுல போயி என்ன கலக்கப் போறாங்க? எங்க வீட்டுலயும் இதத்தான் வைக்கிறாக."

பாக்கெட்டில் பச்சை இலைகளின் படம் இருந்தது. இரசாயனம் இல்லாதது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கரைத்துத் தலையில் வைத்து அரை மணி நேரத்தில் அலசினேன். முடி கருகருவென்று இருந்தது. எனக்கு அம்புட்டு சந்தோஷம். இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டேன். கடையில் என்னோடு பட்டுப் பிரிவில் நின்ற தோழி, நகரத்துக்குள்ளே பள்ளிவாசல் பக்கம் வீடு, அவள்கூட, "என்னக்கா, நாங்க பெருநாளைக்கு அரைச்சு வைக்கிறது செவசெவன்னு இருக்கும். ஒங்களுக்கு மட்டும் இப்புடிக் கருப்பா வருது?" என்று கேட்டாள். முடிக்குக் கருப்பாகவும் கைக்குச் சிவப்பாகவும் பிடிக்கும்போல என்று நாங்களே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டோம்.

மூன்றாவதோ நான்காவதோ முறை வைத்ததற்கு மறுநாள் விடிந்தபோது என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. தூக்கம் கலையவில்லை என்று முதலில் நினைத்தேன். கையால் தொட்டுப் பார்த்தால் என் முகம் என் முகமாக இல்லை. இமைகள் இரண்டும் பழம் மாதிரி வீங்கி மூடியிருந்தன. நெற்றியிலும் காதின் மேலும் கொப்புளம் உடைந்து நீர் வடிந்து, தலையணையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மகளைக் கூப்பிட்டேன். ஓடி வந்தாள். அவள் மூச்சை இழுத்துக்கொண்டது மட்டும் எனக்குக் கேட்டது.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அதிலேயே என்னை ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் தொண்டையும் இறுகத் தொடங்கியது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்ச விடும்மா, விட்டுக்கிட்டே இரும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஊசி போட்ட பிறகுதான் தொண்டை திறந்தது. கண் திறக்கச் சில நாட்கள் ஆயின.

தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மா சிறு வயதுக்காரி. மகள் கொண்டுவந்திருந்த பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இது எவ்வளவு நேரத்துல கருப்பாச்சும்மா?"

"அரை மணி நேரத்துல."

"மருதாணி கருப்பாப் பிடிக்காதும்மா. செம்பழுப்புதான் வரும், அதுக்கே சில மணி நேரம் வைக்கணும். அவுரி இலைப் பொடி சேத்தா கருக்கும், அதுவும் இம்புட்டு சீக்கிரத்துல கருக்காது. ஏற்கெனவே டை போட்டு அரிச்சதுன்னு சொன்னீங்கல்ல? அந்த டையில இருக்க கெமிக்கலத்தான் இதுல கலந்திருப்பாங்க. நீங்க எதுக்குப் பயந்து ஓடுனீங்களோ, அதையே மருதாணின்னு வாங்கித் தலையில வச்சிருக்கீங்க."

பிறகு முதுகில் மருந்துத் துணுக்குகளை ஒட்டிப் பரிசோதித்ததில் அவள் சொன்னது சரியென்று தெரிந்தது. அந்த இரசாயனம் இனி என் உடம்புக்கு ஆகவே ஆகாது. ஒருமுறை பிடிக்காமல் போய்விட்டால் உடம்பு அதை மறப்பதில்லையாம்.

வீட்டுக்காரர் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். இவர் நடந்ததைச் சொன்னதற்குக் கடைக்காரன், "எம்புட்டுப் பேரு வாங்கிட்டுப் போறாக, ஒங்க வீட்டம்மாவுக்கு மட்டும் வந்தா நான் என்னண்ணே செய்யிறது? ஒடம்புச் சூடா இருக்கும்" என்றிருக்கிறான். பாக்கெட்டில் போட்டிருந்த எண்ணுக்கு அடித்தால் அப்படி ஒரு எண்ணே இல்லை. புகார் கொடுக்கப் போன ஒரு அலுவலகத்தில் இது சாப்பிடுகிற பொருள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு அலுவலகத்தில், பிரித்த பாக்கெட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, நீங்களேகூட எதையாவது கலந்திருக்கலாம் என்றார்கள். லோடு ஓட்டாமல் எத்தனை நாள்தான் அலைவது? ஒருநாள் திரும்பி வந்தவர், செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "நரைச்சா நரைச்சுட்டுப் போகுதுன்னு விட்டிருக்கலாம்ல" என்றார். எனக்காக அலைந்து களைத்த மனிதர். அவரிடம் நான் என்ன சண்டை போடுவது?

புண் ஆறியது. அதோடு முடிந்தது என்றுதான் இருந்தோம். முன்நெற்றியில், முடி தொடங்குகிற இடத்தில் ஒரு வெளுப்பு தெரிந்தது. புதுத்தோல் என்று நினைத்தேன். அது காதோரமாக இறங்கி, இமைக்கு வந்து, சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளையாகவே நின்றுவிட்டது. அந்த இரசாயனம் சிலருக்குத் தோலின் நிறத்தையே அழித்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னாள். ஒட்டாது, பரம்பரையாக வராது, உயிருக்கும் ஒன்றுமில்லை என்றாள். நிறம் திரும்புமா என்று கேட்டேன். சிலருக்குத் திரும்பும், தடவிப் பாருங்கள் என்று களிம்பு எழுதிக் கொடுத்தாள். எனக்குத் திரும்பவில்லை.

வேலைக்குப் போனேன். மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்க்காமல் சேலை அடுக்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "குடோன்ல ஆள் கம்மியா இருக்குக்கா, கொஞ்ச நாளைக்கு அங்கிட்டு இருங்க." குடோனில் சரக்குப் பிரிக்கும் பெண்கள் என் தண்ணீர்ப் பாட்டிலைக் கைபடாமல் துணியால் பிடித்துத் தள்ளி வைத்தார்கள். பட்டுப் பிரிவுத் தோழி மட்டும் மதியம் படி இறங்கி வந்து, என் டப்பாவிலிருந்து சோறு எடுத்துத் தின்பாள். எல்லோரும் பார்க்கும்படி தின்பாள். அதுவே எனக்குத் தாங்க முடியாமல் போனது. என்னோடு சாப்பிடுவது ஒருத்தி துணிந்து செய்கிற காரியமாகிவிட்டதே என்று இருந்தது. ஒருநாள் அவளிடம், "நாளைக்கு வரலத்தா" என்றேன். "யா அல்லாஹ், ஏங்க்கா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நான் போகவேயில்லை.

அந்த வருஷம்தான் மகளுக்கு வரன் பேசினோம். உசிலம்பட்டிப் பக்கம் நல்ல விவசாயக் குடும்பம், பையனுக்கு மதுரையில் வேலை. போட்டோ பிடித்துப்போய், ஜாதகம் பொருந்தி, பெண் பார்க்க வந்தார்கள். மகள் கொடுத்த காப்பியை எல்லோரும் குடித்தார்கள். பையனின் அம்மா மட்டும் டம்ளரைக் கையில் வைத்தபடி என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, தப்பா எடுத்துக்காதீக. இது வெண்குட்டந்தானே?"

"இல்ல மதினி. மருதாணியில மருந்து கலந்து ஏமாத்திட்டாங்க. அதுல வந்தது. பரம்பரையா வராது. டாக்டர்கிட்டயே வேணாலும் கூட்டிட்டுப் போறேன்."

"மருதாணியில எங்கயாச்சும் இது வருமா மதினி? நாங்களுந்தான் காலங்காலமா வைக்கிறோம்."

அவள் கேட்டதில் குசும்பு இல்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். போய்ச் சேர்ந்து போன் பண்ணுகிறோம் என்றார்கள். போன் வரவில்லை. அடுத்து வந்த வரன்களில் சிலர் நேரில் வந்தார்கள், சிலர் யாரோ சொல்லக் கேட்டு வராமலே நின்றார்கள். பெண் பார்க்க வரும்போது நான் அடுத்த வீட்டில் போய் இருந்துகொள்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன். மகள் என் பக்கம் திரும்பி, "அப்புடி ஒரு கல்யாணம் எனக்கு வேணாம்மா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். நான் வீட்டோடு இருந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டிக் கொடுக்கிறேன். துணியை வாங்குகிறவர்களுக்கு என் முகம் தெரியாது. விசேஷங்களுக்கும் அதிகம் போவதில்லை. போன வைகாசியில் கீழக்குயில்குடியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயே ஆகவேண்டியிருந்தது. பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையில் அதே மாதிரிக் கருப்பு. என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். "டையெல்லாம் போட மாட்டேங்க்கா, மருதாணி மட்டுந்தான்" என்றாள். அரை மணியில் கருப்பாகிவிடுகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினாள். எனக்கு நடந்ததைச் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள், இமையைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் செய்யலையேக்கா" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்வதில்லை.

தீபாவளிக்கு மகள் வந்திருந்தாள். குளித்துவிட்டு வெயிலில் முடியை உலர்த்திக்கொண்டு என் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வகிடு எடுக்கும்போது பார்த்தேன், ஒற்றை முடி, அடிவரைக்கும் வெள்ளை. என் கை நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லத்தா" என்றேன். பக்கத்து முடியை அதன்மேல் படிய வைத்துப் பின்னி முடித்தேன்.