உட்கார்ந்து பேசிய செமினார்

பள்ளிகள் மூடிக் கிடந்த இரண்டு வருடங்களில் என் குரல் எங்கோ போய்விட்டது. என் பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஒரு பாறைமேல்தான் நடந்தன. பந்தலூருக்கு மேலே, எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து அரை மணி நேரம் ஏறினால் வரும் பாறை. சிக்னல் அங்கே மட்டும்தான் கிடைக்கும். போனில் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு, தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டே பாடம் கேட்பேன். ஆசிரியர்களின் குரல் விட்டு விட்டு வரும். பெயரைக் கூப்பிட்டால் 'எஸ் சார்' என்று தட்டி அனுப்பினால் போதும். வகுப்பில் ஒரு சொல்கூட வாய் திறந்து பேசாமல் பள்ளிப் படிப்பை முடித்தேன். அது சுகமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஊட்டியில் கல்லூரி, ஹாஸ்டல், தாவரவியல். இரண்டாம் வருடத்தில் ஒவ்வொருவரும் சில முறை பத்து நிமிடம் செமினார் எடுக்க வேண்டும் என்றார்கள். மேடைகூடக் கிடையாது. கரும்பலகைக்கு முன்னால் ஒரு மேசை, எதிரே தினமும் கூடச் சாப்பிடுகிற நாற்பது பேர். அவ்வளவுதான்.

முதல் முறை எழுந்து போய் நின்றேன். "குட் மார்னிங்" என்று சொன்னதாக நினைவு. அதற்குப் பிறகு வகுப்பறை மெல்ல நீருக்குள் இறங்கியது. முகங்கள் இருந்தன, சத்தம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு யூகலிப்டஸ் மரம் ஆடிக்கொண்டிருந்தது. அதன் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. கடைசி பெஞ்சில் ஒருவன் இருமிக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். கோத்தகிரிப் பக்கத்துப் பையன், எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன். நான் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

இரண்டாவது முறை காய்ச்சல் என்று சொல்லி ஹாஸ்டலிலேயே படுத்துக்கொண்டேன். பொய்தான், ஆனால் நெற்றி உண்மையாகவே சுட்டது. எங்கள் பேராசிரியை கோபப்படவில்லை. "அடுத்த திங்கக்கெழம உங்களுக்குக் கடைசி வாய்ப்புங்க. அன்னைக்கும் வரலன்னா மார்க் போட முடியாது," என்றார். மாணவர்களையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனேன். திங்கட்கிழமை லீவு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை, அம்மா கொழுந்து வெட்டப் போன பிறகு, எழுதி வைத்திருந்த தாளை எடுத்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே போகும் மண்பாதையில் நடந்தேன். மேகம் இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நிழல் மரங்கள் பாதி உயரத்திலேயே முடிந்து போயிருந்தன. நடக்கிறேனா மிதக்கிறேனா என்ற சந்தேகம் வரும் காலைகள் எங்கள் பக்கம் உண்டு. யாருமில்லை என்ற தைரியத்தில் சத்தமாக ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் நான்கு வரி வந்தது. ஐந்தாவது வரியில் நின்றுவிட்டேன்.

நின்ற பிறகுதான், அதுவரை பக்கத்தில் 'சரக் சரக்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததும், அதுவும் இப்போது நின்றுவிட்டதும் உறைத்தது. யானையோ என்று உடம்பு விறைத்தது.

"ஏன் புள்ள நிறுத்திட்ட?"

மேகத்துக்குள்ளிருந்து அடுத்த வீட்டு அக்காவின் குரல். நான் கேட்டது கொழுந்து வெட்டும் கத்தரிகளின் சத்தம்.

"அவ இங்கிலீசுல சொல்றா. நமக்கு என்னா வெளங்கும்?" என்றது இன்னொரு குரல்.

"எதப் பத்திப் புள்ள?"

"கொப்புள நோய்க்கா," என்றேன். "எல அடியில வெள்ளையாப் பொங்கி வருமே, அது."

"அட, அதா! தமிழ்ல சொல்லு, கேப்போம்."

முகங்களே இல்லாத இடத்தில் சொல்வதற்கு என்ன? சொன்னேன். அது ஒரு பூஞ்சை என்றும், கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகள் காற்றில் மிதந்து வந்து ஈரமான தளிரில் இறங்கும் என்றும், முதலில் எண்ணெய் பட்டது போல ஒரு புள்ளி, பிறகு கொப்புளம், அது வெடித்து மறுபடி காற்றில் வித்துகள் என்றும். கத்தரிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. நான் நடக்க நடக்க அந்தச் சத்தமும் கூடவே வந்தது.

"நெழல் மரத்துக்கு அடியிலதான் ஜாஸ்தியா வருது. அது ஏன் புள்ள?" என்று அக்கா கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. என் தாளில் அது இல்லை. "தெரியலக்கா," என்றேன்.

சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கொஞ்சம் தள்ளி மூன்றாவதாக ஒரு குரல் வந்தது. "வெயில் படலல்ல? எல காயாது. ஈரத்துலதான அது வளரும்னு இப்பத்தான் சொன்னா."

அது அம்மா. அன்றைக்கு வேறு மலையில் வேலை என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கை கால் கழுவிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். "திங்கக்கெழம லீவுன்னியே," என்றாள்.

"இல்லம்மா. செமினார் இருக்கு. பேசப் பயமா இருக்கு. எந்திரிச்சு நின்னா ஒண்ணுமே வர மாட்டேங்குது."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அஞ்சே கால் பஸ்ஸுக்கு எழுப்பட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"எழுப்பும்மா," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் கூடலூர் தாண்டியதும் கண்ணாடியில் தலை சாய்ந்துவிட்டது. நடுவட்டத்தில் யாரோ ஏறி, யாரோ இறங்கினார்கள். தூக்கத்துக்குள் நான் பேசிக்கொண்டே இருந்தேன், எதிரே தேயிலைச் செடிகள் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. விழித்தபோது ஊட்டி. வாய் உலர்ந்திருந்தது. ஒன்றும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

என் முறை வந்தது. எழுந்து போய் மேசையருகே நின்றேன். தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கியது. முழங்கால் வரை, இடுப்பு வரை. கழுத்துக்கு வருவதற்குள் என் வாயிலிருந்து நான் எழுதி வைக்காத ஒரு வாக்கியம் வந்தது.

"மேடம், எனக்குப் பயமா இருக்கு. உக்காந்துட்டுப் பேசட்டுங்களா?"

பேராசிரியை தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து, அதைத் தூக்கி வந்து என் பக்கத்தில் போட்டார். "உக்காருங்க. மெதுவாச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

உட்கார்ந்தேன். தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். அழகாகப் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டு இடத்தில் நின்றுபோய், மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கினேன். பத்து நிமிடப் பேச்சு ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாரும் கை தட்டவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. காதில் சத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பெஞ்ச் நகர்வது, வெளியே ஒரு ஜீப், யாரோ பேனாவைத் திறந்து மூடுவது.

அடுத்தது அந்தக் கோத்தகிரிப் பையன். எழுந்து வந்தான். மேசையைப் பார்த்தான், காலியான நாற்காலியைப் பார்த்தான். நான் ஒரு கேலிக்காகத் தயாரானேன்.

"மேடம், நானும் உக்காந்துக்கட்டுங்களா?" என்றான்.

அன்றைக்கு அவனுக்குப் பிறகு பேசிய இரண்டு பேரும் உட்கார்ந்துதான் பேசினார்கள். அடுத்த வாரம் ஒருத்தி நின்று பேசினாள், ஒருத்தன் சுவரில் சாய்ந்துகொண்டு பேசினான். அந்த நாற்காலி அந்தப் பருவம் முழுவதும் அங்கேயே கிடந்தது.

எனக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலே மதிப்பெண் வந்தது. பயம் போய்விட்டதா என்றால், இல்லை. கடைசி வருட வாய்மொழித் தேர்வில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசினேன். விரல் நுனிகள் வெளுத்துவிட்டன. இப்போதும் நாலு பேர் முன்னால் பேசுவதற்கு முந்தைய நாள் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை மாலை நன்றாக நினைவிருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான்காவது பஜ்ஜி. கோத்தகிரி பஸ்ஸுக்காக வந்த அந்தப் பையன் என்னைப் பார்த்துத் தயங்கி, பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒவ்வொரு செமினாருக்கும் காலைல ரெண்டு தடவ வாந்தி எடுப்பேன்," என்றான். "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்."

"அன்னைக்கு இருமுனது?"

அவன் காது சிவந்தது. "அடுத்து நாந்தான்னு இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சா நேரம் போயிரும், என் முற வராதுன்னு…"

தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். ஒன்றை எடுத்துக்கொண்டான். கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்த கோத்தகிரி பஸ் திரும்பி வந்து நின்றது. வாயில் பஜ்ஜியோடு அவன் ஓடிப் போய் ஏறிக்கொண்டான்.